காப்பிச் சரிவில் மிதிவண்டி: கொலம்பிய மலைப்பாதை ஒன்றின் வரலாறு

முன்னே சென்று மீண்டவன், இனிச் செல்லவிருப்பவனுக்கு வழி கூறுவதை ஆற்றுப்படை என்று வகுத்தனர் நம் முன்னோர். வழுக்கும் பாறை எங்குள்ளது, இரவு தங்கத்தக்க சிற்றூர் எது, அங்கே என்ன உணவு கிடைக்கும் என்று அவன் சொல்லிச் செல்லும்போதே, அப்பாதையோரத்து மக்களின் தொழிலும் வாழ்வும் நம் கண்முன் விரிந்துவிடும். வழியைச் சொல்வதும் மக்களைச் சொல்வதும் வேறல்ல என்று அறிந்திருந்த மரபு அது. அம்மரபின் நிழலில் நின்று, மிகத் தொலைவில் உள்ள மலைவழி ஒன்றை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுக்கிளையில் உள்ளது அவ்வழி. மக்தலேனா ஆற்றுச் சமவெளியின் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ள மரிகீத்தா என்னும் ஊரில் அது தொடங்குகிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஏறிச்சென்று, 3,700 மீட்டரை ஒட்டிய உயரத்தில் லெத்ராஸ் என்னும் கணவாயைத் தொடுகிறது. அங்கிருந்து காப்பி நாட்டின் தலைநகரம் எனத்தகும் மானிசாலெஸ் நகருக்கு இறங்குகிறது. உலகில் மிதிவண்டியால் ஏறத்தக்க மிக நீண்ட மலைச்சாலைகளுள் ஒன்றாக இது இன்று கருதப்படுகிறது. பல நாடுகளிலிருந்தும் பயணிகள் தத்தம் மிதிவண்டிகளுடன் இங்கு வந்து, விடியற்காலையில் மரிகீத்தாவில் மிதிக்கத் தொடங்குகின்றனர்.

பொழுதுபோக்காக ஏறுவோர்க்கு இது உடல்வலிமையின் தேர்வு. ஆனால் பொழுதுபோக்குக்காக எவரும் மலையில் சாலை போடுவதில்லை. இந்தச் சரிவில் எது ஏறிற்று, எது இறங்கிற்று, யார் அதனைச் சுமந்தனர் என்னும் வினாக்களுடன் பார்த்தால், பாதை வேறொரு வரலாற்றைச் சொல்லும்.

முதுகில் சென்ற பயணம்

1801ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட், தம் தோழர் போன்பிளானுடன் இதே மலைக்கிளையை, லெத்ராசுக்குத் தெற்கிலுள்ள கிந்தியோ கணவாய் வழியாகக் கடந்தார். மனிதக் குடியிருப்பு அற்ற அடர்காடு அது. கடக்கப் பத்துப் பன்னிரண்டு நாட்களாகும். வசதி படைத்தோர் அங்கே நடந்து செல்வதில்லை. சுமையாளர் ஒருவரின் முதுகில் நாற்காலியைக் கட்டி, அதில் பின்புறம் நோக்கி அமர்ந்து செல்வர். மனிதர் மனிதரைச் சுமப்பது அங்கே ஒரு முறையான தொழிலாக இருந்தது.

ஹம்போல்ட் அவ்வாறு சுமக்கப்பட உடன்படவில்லை. தம் கருவிகளையும் திரட்டிய தாவரங்களையும் எருதுகளின்மேல் ஏற்றிவிட்டு, தாம் சேற்றில் நடந்தார். காலணிகள் கிழிந்துபோக, வெறுங்காலுடன் மலைக்கு அப்பால் இறங்கினார் என்பது அவருடைய குறிப்புகளால் தெரியவருவது. அக்கணவாயில் அவர் கண்டு வியந்த மெழுகுப் பனை, ஓங்கி வளர்ந்து 60 மீட்டர் வரை எட்டும் மரம். 1985இல் அது கொலம்பியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. மரம் பெருமை பெற்றது; நாற்காலி சுமந்தவர்களுள் ஒருவர் பெயரையும் பொதுநினைவு காத்து வைக்கவில்லை.

கோடரியும் கோவேறு கழுதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கே இருந்த அந்தியோக்கியா பகுதியிலிருந்து நிலமற்ற குடும்பங்கள் தெற்கு நோக்கிப் பெயர்ந்தன. கோடரியால் காட்டைத் திருத்தி, முகடுகளின்மேல் ஊர்களை அமைத்தன. 1849இல் மானிசாலெஸ், 1863இல் பெரெய்ரா, 1889இல் அர்மேனியா என ஊர்கள் எழுந்தன. சமவெளியைத் தேடாமல் முகட்டைத் தேடிய இக்குடியேற்றமே அந்நாட்டின் காப்பிப் பண்பாட்டுக்கு அடிப்படை.

காப்பி முதலில் வேரூன்றியது இங்கன்று. கிழக்கே சந்தாந்தேர், குந்தினமார்க்கா முதலிய பகுதிகளில் பெரும்பண்ணைகளிலேயே அது முதலில் தழைத்தது. 1899 முதல் 1902 வரை நடந்த உள்நாட்டுப் போர் அப்பண்ணைகளை நிலைகுலையச் செய்தது. அதன்பின் மேற்குச் சரிவுகளின் சிறுநில உழவர்கள் முன்னுக்கு வந்தனர். மலைக்காப்பி 1,000 முதல் 2,000 மீட்டர் உயரத்தில், இதமான குளிரில், மெல்லப் பழுப்பது. ஒரே கிளையில் பழமும் காயும் பூவும் இருக்கும். ஆகவே பழுத்ததை மட்டும் கையால் கொய்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் வரவேண்டும். செங்குத்தான சரிவில் எந்திரம் நிற்காது. குடும்பத்தார் அனைவரும் கைகொடுத்தால் ஓரிரு ஏக்கரிலேயே பயிர் செய்யலாம் என்பதால், காப்பி ஏழை உழவனுக்கும் எட்டிய பணப்பயிராயிற்று.

பயிரிடுவதை விடக் கடினமானது அதனைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது. மானிசாலெசிலிருந்து மக்தலேனா ஆற்றுத்துறைக்குக் கோவேறு கழுதைகளும் எருதுகளும் காப்பி மூட்டைகளைச் சுமந்து, பனிபடர்ந்த கணவாயை ஏறி இறங்கின. தோளில் தோற்பையும் கம்பளிப் போர்வையுமாக விலங்குகளின் பின்னே நடந்த கழுதையோட்டிகள் அந்நாட்டுக் கதைகளின் நாயகர்கள். 1950களின் இறுதியில் கொலம்பியக் காப்பிக்கு விளம்பர முகம் ஒன்று தேவைப்பட்டபோது, கழுதையுடன் நிற்கும் ‘ஹுவான் வால்தெஸ்’ என்னும் கற்பனை உழவனைப் படைத்தனர். விளம்பரம் கற்பனையாயினும் கழுதை உண்மையானது.

கம்பிமேல் சென்ற காப்பி

கழுதைத் தடத்தை வெல்லும் பொருட்டு ஆங்கிலேய நிறுவனம் ஒன்று மரிகீத்தாவிலிருந்து மானிசாலெசுக்குக் கம்பிவடப் பாதை அமைத்தது. முதல் உலகப்போர் இடையிட்டதால் வேலை நீண்டு, 1922இல் அது முடிவுற்றது. ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளம், 376 கோபுரங்கள் கொண்ட அப்பாதை, அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்டது எனப்பட்டது. பல நாள் நடையை அது சில மணி நேரமாகச் சுருக்கியது. எர்வேயோ என்னுமிடத்துக் கோபுரத்துக்கென அனுப்பிய எஃகு, போர்க்காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கியதாகவும், அதனால் உள்ளூர் மரங்களைக் கொண்டே அக்கோபுரத்தை எழுப்பியதாகவும் சொல்வர். லாரிகள் ஓடும் சாலை வந்தபின் கம்பிவடம் தளர்ந்தது, 1960களில் நின்றுபோயிற்று. அந்த மரக்கோபுரம் மட்டும் 1984இல் மானிசாலெஸ் நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டு, நினைவுச்சின்னமாக நிற்கிறது. லெத்ராசைக் கடந்து நகருக்குள் இறங்கும் மிதிவண்டிப் பயணிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

1927இல் உழவர்கள் தேசியக் காப்பி உழவர் கூட்டமைப்பை நிறுவினர். ஏற்றுமதியாகும் மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் சிறு தொகை எடுத்து, ஊர்ப்புறச் சாலை, பள்ளி, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்குச் செலவிட்டது அவ்வமைப்பு. 1938இல் சின்சினா என்னும் ஊரில் காப்பி ஆய்வு நிலையம் ஒன்றையும் தொடங்கியது. முகட்டு ஊர்களைத் தோட்டங்களோடு இணைக்கும் எண்ணற்ற கிளைச்சாலைகள் அக்காப்பிப் பணத்தில் உருவாயின. இன்றைய பயணி மகிழ்ந்து மிதிக்கும் வளைவுகளுள் பலவும் அவ்வாறு வந்தவையே.

சேற்றில் பிறந்த போட்டி

சாலை வந்ததும் மிதிவண்டி வந்தது. கழுதைக்குத் தீனி வேண்டும், லாரிக்கு எண்ணெய் வேண்டும்; மிதிவண்டிக்கு ஓட்டுபவன் உண்ணும் உணவே போதும். கரும்பு வெல்லத்தைக் கரைத்த சுடுநீரே அங்கு உழவனுக்கும் மிதிவண்டி வீரனுக்கும் பொதுவான பானம். நம் பானகத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

1950இல் நாடு முழுவதையும் சுற்றிவரும் மிதிவண்டிப் போட்டி ஒன்றை நடத்தலாம் என்னும் எண்ணம் எழுந்தபோது, பலர் நகைத்தனர். அன்றைய சாலைகளில் பெரும்பகுதி மண்ணும் கல்லுமே. லெத்ராஸ் கணவாயை மிதிவண்டியில் கடக்க இயலுமா என்பதே ஐயமாக இருந்தது. சிபாக்கிரா என்னும் உப்புச்சுரங்க ஊரைச் சேர்ந்த எஃப்ராயின் ஃபொரேரோ என்ற இளைஞர் முன்வந்தார். சோதனையாக மானிசாலெஸ் வரை ஓட்டிக்காட்டி அந்த ஐயத்தைப் போக்கினார். 1951 சனவரி 5ஆம் நாள், ‘எல் தியெம்போ’ நாளிதழின் துணையுடன் முதல் ‘வுவெல்தா அ கொலம்பியா’ தொடங்கியது. பத்துக் கட்டங்களாக நடந்த அப்போட்டியில் ஃபொரேரோவே வென்றார்.

அந்த ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும். 1948 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் இரு அரசியல் கட்சியினரிடையே நிகழ்ந்த கொடும் பகைமையில் இரண்டு இலட்சம் பேர் அளவில் மாண்டனர். தொலீமா, கால்தாஸ், கிந்தியோ ஆகிய காப்பிப் பகுதிகள் மிகுதியும் குருதி சிந்திய பகுதிகள். அடுத்த ஊருக்குச் செல்லவே மக்கள் அஞ்சிய காலத்தில், ஊர்விட்டு ஊர் செல்லும் ஓட்டம் ஒன்றை வானொலியில் நாடே கேட்டது. தம் நாட்டின் மலைகளும் ஊர்களும் எவ்வரிசையில் அமைந்துள்ளன என்பதைப் பலர் அவ்வொலிபரப்பால்தான் முதலில் அறிந்தனர். பகைமையை மிதிவண்டி தீர்த்துவிட்டது என்பது மிகையாகும். சாலை என்பது அஞ்சுவதற்கு மட்டுமன்று, ஓரத்தில் நின்று ஆரவாரம் செய்வதற்கும் உரியது என்று ஆண்டுதோறும் சில நாட்களேனும் அது நினைவூட்டியது.

அந்தியோக்கியாவின் ரமோன் ஓயோஸ் 1953 முதல் 1958 வரையிலான காலத்தில் ஐந்து முறை வென்றார். இளமையில் இறைச்சிக்கடைப் பொருள்களை மிதிவண்டியில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் அவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், இளம் செய்தியாளராக இருந்த 1955இல் ஓயோசின் வாழ்க்கையைத் தொடராக எழுதினார். ஓவியர் பெர்னாந்தோ போத்தேரோ 1959இல் அவரைப் பெரும் ஓவியமாகத் தீட்டினார். மலையேறும் கொலம்பிய வீரர்களை ‘வண்டுகள்’ என்று அழைக்கும் வழக்கம் அக்காலத்தில் தோன்றியது. சரிவில் சலியாது ஊரும் உயிருக்கு அது பொருந்திய பெயர்.

சட்டையில் எழுதிய பெயர்

1983ஆம் ஆண்டு இரு வருகைகளால் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் கொலம்பிய அணி முதன்முறையாக ‘தூர் தெ பிரான்சு’ போட்டியில் கலந்துகொண்டது. அவ்வாண்டிலேயே காப்பி இலைத்துரு நோய் கொலம்பியத் தோட்டங்களில் காணப்பட்டது.

முதல் வருகை புகழ் தந்தது. 1984இல் பூசகசுகா ஊரின் லூச்சோ எரேரா, ஆல்ப் துவேஸ் என்னும் புகழ்பெற்ற மலைமுடியில் ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள் அனைவரையும் பின்னிட்டு வென்றார். அவர் அப்போது தொழில்முறை சாராத வீரர். பூந்தோட்ட வேலை செய்தவர் என்பதால் ‘சிறு தோட்டக்காரர்’ எனச் செல்லமாக அழைக்கப்பட்டார். விரைவிலேயே கூட்டமைப்பின் பணம் அணிக்கு வந்தது. வீரர்களின் சட்டையில் ‘கஃபே தெ கொலம்பியா’, அதாவது கொலம்பியக் காப்பி, என்னும் பெயர் பொறிக்கப்பட்டது. 1987இல் எரேரா எசுப்பானியப் பெருஞ்சுற்றை வென்றபோது அவர் அணிந்திருந்தது அச்சட்டையே. உழவர் விற்ற மூட்டையிலிருந்து எடுத்த பணம், உழவர் நாட்டு இளைஞரை ஐரோப்பிய மலையுச்சியில் நிறுத்தியது.

இரண்டாம் வருகை தமிழர் வரலாற்றோடும் தொடர்புடையது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் அதே பூசணம்தான் 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தோன்றி, இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்தது. அத்தோட்டங்களுக்காகத் தென் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று, மன்னார்க் காட்டுவழியே மத்திய மலைநாடு வரை நடந்து, வழியிலேயே பலராய் மாண்ட தமிழ்த் தொழிலாளரின் துயரம் நாம் அறிந்தது. காப்பி போனதும் தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறினர். தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. 1970இல் பிரேசிலில் கால்வைத்த அப்பூசணம், இலங்கையில் தோன்றி 114 ஆண்டுகள் கழித்துக் கொலம்பியாவை அடைந்தது. அங்கோ சிறுநில உழவர்க்கென ஓர் அமைப்பும், நோயை எதிர்க்கும் வகைகளை முன்கூட்டியே உருவாக்கி வந்த ஆய்வு நிலையமும் இருந்தன. தொழில் அழியாமல் நின்றது. ஒரே நோய், இரு வேறு முடிவுகள்: நிலமும் அமைப்பும் யார் கையில் இருந்தன என்பதே வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்று கருதுகிறேன்.

எனினும் துயரம் வேறு வழிகளில் வந்தது. 1985 நவம்பர் 13ஆம் நாள் இரவில் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து, அர்மேரோ நகரைப் புதைத்தது. மேற்குப் புறத்தில் சின்சினாவையும் தாக்கியது. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். 1989 சூலையில் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்தது. ஏற்றுமதி அளவைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த ஏற்பாடு அது. முறிந்த சில மாதங்களில் உலகச் சந்தையில் காப்பி விலை பாதியளவுக்குச் சரிந்தது. சட்டையிலிருந்த அந்தப் பெயரும் 1990களின் தொடக்கத்திற்குள் பெருஞ்சுற்றுகளிலிருந்து மறைந்தது. மிதிவண்டியின் ஏற்றமும் இறக்கமும் காப்பி விலையோடு கட்டுண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பாதையில் ஏறுவோம்

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு லெத்ராஸ் பாதையில் ஏறிப் பார்ப்போம். மரிகீத்தா வெப்பமான ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோசே செலெஸ்தீனோ மூத்திசின் தாவரவியல் ஆய்வுக்குழு இங்குத் தங்கித் தாவரங்களை வரைந்து குவித்தது. மா மரங்களின் நிழலில் தொடங்கும் ஏற்றம் சில கிலோமீட்டரிலேயே காற்றை மாற்றுகிறது. பிரெஸ்னோ என்னும் ஊரை அணுகும்போது வாழையும் காப்பியும் இருபுறமும் சரிகின்றன. இடுப்பில் கூடையைக் கட்டிய கொய்வோர் செடிகளுக்கிடையே பாதி மறைந்து நிற்பர். அவர்தம் கூலி கொய்த பழத்தின் எடைக்கேற்ப அமைவது. சில வீடுகளில் கூரையே தண்டவாளத்தின்மேல் நகரும். வெயில் வந்தால் அதனைத் தள்ளிவிட்டுக் கொட்டையை உலர்த்துவர், மழை வந்தால் இழுத்து மூடுவர்.

பாதுவா என்னும் சிற்றூரைக் கடந்து மேலே செல்லச் செல்லக் காப்பி நின்றுவிடுகிறது. மேய்ச்சல் நிலமும், பின்பு குளிரும் மூடுபனியும். மூச்சு குறுகுகிறது, காலையில் வியர்த்தவர் மாலையில் நடுங்குகிறார். வானம் தெளிந்தால் 5,300 மீட்டருக்கு மேல் எழும் ரூயிஸ் எரிமலையின் வெண்முடி தெரியும். அழகாகத் தோன்றும் அப்பனியே அர்மேரோவைப் புதைத்தது என்பதை அறிந்தவர் நெடுநேரம் பேசாமல் நிற்பர். மழை குறைந்த திசம்பர் முதல் பிப்ரவரி வரையும், சூன் முதல் ஆகத்து வரையும் இப்பயணத்துக்கு ஏற்ற காலம். ஒரே நாளில் ஏறிவிடுவதைப் பெருமையாகக் கொள்வோர் உளர். பிரெஸ்னோவில் ஓரிரவு தங்கி ஏறுபவரோ காப்பி நாட்டைக் கண்ணாரக் காண்பர்.

மானிசாலெசுக்கு அப்பால், 2011இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்ற காப்பிப் பண்பாட்டு நிலப்பரப்பு விரிகிறது. கிந்தியோவின் மண்சாலைகளில் மூட்டைகளும் வாழைத்தார்களும் ஏற்றிய பழைய வில்லிஸ் ஜீப்புகளைக் காணலாம். கழுதையின் வேலையை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்றுக்கொண்டவை அவை. ஹம்போல்ட் வெறுங்காலுடன் கடந்த மலையை 2020இல் திறக்கப்பட்ட, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் லா லீனியா சுரங்கச்சாலை இன்று துளைத்துச் செல்கிறது.

சரிவில் நிற்போர்

இன்றும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கே காப்பியை நம்பி வாழ்கின்றன. ஆயினும் 2008க்குப் பின் மிகுமழையும் துருநோயும் சேர்ந்து தாக்கியதில், ஆண்டுக்கு 1.2 கோடி மூட்டையை ஒட்டியிருந்த விளைச்சல் 2011, 2012ஆம் ஆண்டுகளில் 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. எதிர்ப்பு வகைகளை மறுநடவு செய்து மீண்டனர். ஆனால் பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்கின்றனர். கொய்ய ஆள் கிடைப்பதில்லை.

மிதிவண்டியும் அவர்களுள் சிலரை வெளியே கொண்டுசென்றது. அந்தியோக்கியாவின் உர்ராவோ ஊரின் ரிகோபெர்தோ உரான், 2001இல் தம் தந்தையைத் துணைப்படையினரின் கொலைக்குப் பறிகொடுத்து, பதினான்கு வயதில் பரிசுச்சீட்டு விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அவர் வெள்ளி வென்றார். எல்லா வண்டுகளும் காப்பிச் சரிவில் பிறந்தவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். நைரோ கிந்தானா உருளைக்கிழங்கு விளையும் போயக்காவைச் சேர்ந்தவர். ஆனால் அவர்கள் அனைவரும் ஏறப் பழகிய சாலைமரபு, காப்பி திறந்துவைத்த மலைகளில் உருவானது.

2019இல் எகான் பெர்னால் தூர் தெ பிரான்சை வென்ற முதல் கொலம்பியரானார். அவர் வளர்ந்த ஊர் சிபாக்கிரா. 1950இல் லெத்ராசை ஏறிக்காட்டிய ஃபொரேரோவின் ஊர். முதியவரான ஃபொரேரோ அவ்வெற்றியைக் காண உயிரோடிருந்தார், 2022இல் மறைந்தார்.

முதுகில் நாற்காலி சுமந்தவரிடம் தொடங்கி, கழுதை, கம்பிவடம், லாரி, ஜீப்பு என இம்மலையின் வரலாறு சுமைகளின் வரலாறாகவே சென்றது. மிதிவண்டியில் ஏறுபவர் பிறர்மேல் ஏறாமல் தம் உடலின் சுமையைத் தாமே சுமக்கிறார். ஆதலின் சரிவு எத்தகையது என்பதை அவர் கால்கள் அறியும். கணவாயில் நின்று ஒரு குவளை காப்பி அருந்தும்போது, அந்தக் கொட்டையும் இதே சரிவில் எவரோ ஒருவர் இடுப்பில் கட்டிய கூடையில் ஏறி வந்தது என்று அவருக்குத் தோன்றுமாயின், அவர் ஏறிய ஏற்றம் வீண்போகவில்லை.